ஆட்டு வரிசை

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
அரை விரல் அகலம்.
அதற்குள் ஓர் எண் போட்டால் போதும் என்றார்கள்
செமெராவில், மின்விசிறிக்குக் கீழே
பயிற்சி கொடுத்தவர்கள்.
ஒன்று, தூரம்.
இரண்டு, கணவர் விடவில்லை.
மூன்று, பயம்.
ஐந்தின் பெயர் 'மற்றவை'.
நான்கு என்னவென்று மறந்துவிட்டது,
யாருக்கும் அதைப் போட்டதில்லை.

லுபாபாவுக்கு எந்த எண்ணைப் போடுவது?

ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேர நடை
அவள் வீடு.
அதுவும் வீடு அங்கேயே இருந்தால்.
புல் தீர்ந்துவிட்டால்
பாய்களைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள்.
இரண்டாம் தவணை ஊசியோடு போய்
மூன்று அடுப்புக்கல்லுக்கும்
காய்ந்த புழுக்கைக்கும் முன்னால்
நான் நின்றதுண்டு.
பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

எதிர்ப்படும் இருவர் சும்மா கடந்துபோவதில்லை
இந்த அஃபார் வெளியில்.
குந்தி உட்கார்ந்து
பார்த்தது கேட்டது எல்லாவற்றையும்
ஒன்று விடாமல் ஒப்படைக்க வேண்டும்.
தாகு என்பார்கள்.
எங்கே மழை, எங்கே சண்டை,
யாருடைய ஒட்டகம் தொலைந்தது.
ஊசி கருப்பையை வற்றவைக்கும் என்ற சேதியும்
அப்படித்தான் நடந்து வந்தது.
என்னை முந்திக்கொண்டு.
உருகாமல்.

நானோ மேட்டுநிலத்துக்காரி.
என் வாயில் அவர்கள் மொழி
செருப்புக்குள் கல்.

அன்று ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி.
கால்நடை மருத்துவரின் ஜீப்பில் எனக்கும் இடம் கிடைத்தது.
இரண்டு பெட்டிகள்.
அவருடையதில் சிவப்பு நாடா, என்னுடையதில் நீலம்.
இருட்டிலேயே கிளம்பி
ஆடுகளை ஓட்டி வந்திருந்தான் லுபாபாவின் கணவன் யாயோ.
நாற்பத்து மூன்று.
யாரும் அவனைக் கூப்பிடவில்லை,
கெஞ்சவில்லை,
துண்டறிக்கை கொடுக்கவில்லை.

நிழலில் குந்தியவன் வழக்கப்படி கேட்டான்:
என்ன பார்த்தாய், என்ன கேட்டாய்?

துப்தி ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையைப் பார்த்தேன் என்றேன்.
ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டியிருந்தார்கள்,
வெளிச்சம் பட்டால் இழுக்கும் என்று.
கதவு கிரீச்சிட்டது,
வில்லாக வளைந்தது உடம்பு.
தாடை பூட்டிக்கொண்டதால் பால் இறங்கவில்லை.
தாயின் மார்பு மட்டும்
சட்டையை நனைத்தபடி இருந்தது.

தரையைப் பார்த்தபடி கேட்டான்:
'எத்தனையாவது நாள்?'

'ஏழு.'

'எங்களுடையது எட்டு.'

ரணஜன்னி என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.
தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள் என்று
அவன் எனக்குச் சொல்லவில்லை.
ஜின் என்றார்கள், என்றான்.
எழுந்து ஆடுகளிடம் போய்விட்டான்.

கடைசி ஆடு,
ஒரு கொம்பு ஒடிந்த கிடா.
அதற்குப் பின்னால் வரிசையில்
ஆறு மாத வயிற்றோடு லுபாபா.
நாற்பத்து நான்காவதாக.
மருத்துவரின் உதவியாளன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை. நீலப்பெட்டியைப் பார்த்து
'ரெண்டும் வேற வேற மருந்துதானே?' என்று
உறுதி செய்துகொண்டு
தோளிலிருந்து துணியை விலக்கினாள்.

திமிறும் கிடாவின் தலையை
யாயோ இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.
முகம் அந்தப் பக்கம்.
ஊசி போட்டு முடிந்த கிடாவை
ஏன் அவ்வளவு நேரம் பிடித்திருந்தான்
என்பதற்கும் படிவத்தில் எண் இல்லை.

நான்கு வாரம் கழித்து அடுத்தது, எங்கே இருப்பாய் என்றேன்.
'வழியில் கேள்' என்றாள்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்கள்:
முழுமையாக நிரப்பவும்.

நான்காம் வாரம்
உப்பு ஏற்றி வந்த ஒருவன் எதிர்ப்பட்டான்.
குந்தினோம்.
மழை இல்லை என்றான். டீசல் விலை சொன்னான்.
பிறகு,
பெண்களுக்கும் அரசாங்கம் இப்போது
ஆட்டூசி போடுகிறதாம்,
வயிற்றுப்பிள்ளைக்கு நல்லதாம்,
யாயோவே சொன்னான் என்றான்.

நான் திருத்தவில்லை.
யாயோ எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன்.
அவன் கழியால் காட்டினான்.
பெட்டியை மறுதோளுக்கு மாற்றினேன்.
உள்ளே ஐஸ் இன்னும்
கட்டியாகத்தான் இடித்தது.